ஜெர்மானியர் கைப்பற்றிய இத்தாலிய ரைஃபிள்கள்: முத்திரையை நம்பி வாங்கலாமா?

இரண்டாம் உலகப் போர்க்கால ரைஃபிள்களைச் சேகரிக்கும் ஒருவர், இத்தாலியின் கார்கானோ வகையில் ஜெர்மன் ராணுவத்தின் கைக்குப் போன ஒன்றை வாங்க விரும்பினால், அவர் முன் ஏறத்தாழ ஐந்து வகைப் பொருள்கள் வந்து நிற்கும். ஜெர்மன் கழுகு முத்திரையும் ஆய்வாளர் எண்ணும் குத்தப்பட்டவை முதல் வகை. 1943 செப்டம்பருக்குப் பின், ஜெர்மானியரின் மேற்பார்வையில் வட இத்தாலியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை இரண்டாவது வகை. ஜெர்மன் முத்திரை எதுவும் இல்லாமல், ஜெர்மானியர் கையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான காகிதச் சான்றுடன் வருபவை மூன்றாவது. ஜெர்மன் தோட்டாவான 7.92×57 மில்லிமீட்டருக்கு மாற்றி அமைக்கப்பட்டவை நான்காவது. ஃபின்லாந்து வழியாக வந்து, ஜெர்மன் முத்திரை பெற்றவை என்று தவறாக விற்கப்படுபவை ஐந்தாவது. விற்பவர்கள் அதிக விலை கேட்பது முதல் வகைக்குத்தான். என் கருத்தில் இரண்டாவதும் மூன்றாவதுமே பணத்துக்குரிய மதிப்புள்ளவை; முதல் வகைக்குக் கேட்கப்படும் கூடுதல் தொகையைக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருப்பதில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, இந்த ரைஃபிள்கள் எப்படிக் கைமாறின என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1943 செப்டம்பர் 3ஆம் தேதி சிசிலியின் காசிபிலேயில் இத்தாலி நேச நாடுகளுடன் போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது. அது 8ஆம் தேதி வெளியே அறிவிக்கப்பட்டது. இதை எதிர்பார்த்திருந்த ஜெர்மன் தலைமை, ‘ஆக்ஸே’ என்ற பெயரில் தயாராக வைத்திருந்த திட்டத்தை உடனே செயல்படுத்தி, இத்தாலியிலும் தெற்கு பிரான்சிலும் பால்கன் நாடுகளிலும் கிரேக்கத் தீவுகளிலும் இருந்த இத்தாலியப் படைகளின் ஆயுதங்களைச் சில நாட்களிலேயே பறித்தது. அவ்வாறு கைக்கு வந்த ரைஃபிள்கள் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். ஆயுதம் பறிக்கப்பட்ட வீரர்களில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டுக் கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்பட்டார்கள். கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவில் எதிர்த்து நின்ற இத்தாலிய ஆக்வி டிவிஷனின் வீரர்கள் சரணடைந்த பிறகும் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த ரைஃபிள்கள் அந்த நாட்களின் நேரடிச் சாட்சிகள். அவற்றில் ஒன்றின் மேல் பின்னாளில் பொய்யான முத்திரை ஒன்றைக் குத்துவது வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, அந்தச் சாட்சியத்தையும் கெடுக்கிறது. இதைத் தெரிந்தே செய்பவர்கள் மீது எனக்குக் கடுமையான கோபம் உண்டு.

இவ்வளவு பெரிய எண்ணிக்கை ஒரே மாதத்தில் வந்து குவிந்தபோது, ஒவ்வொரு ரைஃபிளையும் எடுத்து ஆய்வு செய்து முத்திரை குத்த யாருக்கும் நேரமும் இல்லை, தேவையும் இல்லை. கைப்பற்றிய அயல்நாட்டு ஆயுதங்களுக்கு ஜெர்மன் ராணுவம் ஓர் எண்ணும், எந்த நாட்டுடையது என்பதைக் காட்டும் ஓர் எழுத்தும் கொடுத்துப் பட்டியலிட்டது. இத்தாலிக்கு ‘ஐ’, பிரான்சுக்கு ‘எஃப்’, ரஷ்யாவுக்கு ‘ஆர்’. ஆனால் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தன, இரும்பில் ஏறவில்லை. முன்னணிப் பிரிவுகளுக்கு ஜெர்மனியின் சொந்த மவுசர் ரைஃபிள்கள் போயின. கார்கானோக்கள் காவல் பிரிவுகளுக்கும், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் சேர்க்கப்பட்ட துணைப்படைகளுக்கும், 1944 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஃபோல்க்ஸ்டுர்ம் என்ற மக்கள் படைக்கும் கொடுக்கப்பட்டன. எனவே உண்மையில் ஜெர்மானியர் பயன்படுத்திய ஒரு கார்கானோ, எந்த ஜெர்மன் அடையாளமும் இல்லாமல் இருப்பதே இயல்பு. சந்தையில் நிலவும் எதிர்பார்ப்போ இதற்கு நேர் எதிராக, முத்திரை இருந்தால்தான் ஜெர்மன் தொடர்பு என்று இருக்கிறது.

கழுகும் எண்ணும் கொண்ட ஆய்வு முத்திரை எதற்காக ஏற்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். தொழிற்சாலையில் புதிதாகச் செய்த ஆயுதத்தை ராணுவத்துக்கு ஏற்றுக்கொள்ளும் ஆய்வாளர் குத்துவது அது. பெரெட்டா நிறுவனத்தின் 1934, 1935 வகைக் கைத்துப்பாக்கிகளில் ‘டபிள்யூ.ஏ.ஏ. 162’ என்ற முத்திரையும் ‘4 யூ.டி.’ என்ற குறியும் காணப்படுவதற்குக் காரணம் இதுதான்: கார்தோனே வால் த்ரோம்பியாவில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1943க்குப் பிறகும் ஜெர்மானியருக்காகத் தொடர்ந்து உற்பத்தி செய்தது, அந்த உற்பத்தியை ஜெர்மன் அலுவலர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 1917ஆம் ஆண்டில் செய்யப்பட்டு, 26 ஆண்டுகள் இத்தாலியப் படையில் இருந்து, பிறகு கிடங்கோடு கைப்பற்றப்பட்ட 1891 மாதிரி நீண்ட ரைஃபிள் ஒன்றில் அதே கழுகு ஏன் இருக்க வேண்டும்? அது ஜெர்மன் பட்டறை ஒன்றில் பழுதுபார்க்கப்பட்டுப் புதிய பாகம் பெற்றிருந்தால் இருக்கலாம். அப்படியானால் அந்தப் பழுதின் தடமும் முத்திரையோடு சேர்ந்தே காணப்பட வேண்டும்.

ஏலத்துக்கு முந்தைய பார்வையிடல் ஒன்றில், இப்படிப்பட்ட ஒரு நீண்ட ரைஃபிளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். குழலின் பின்பகுதியில், தொடர் எண்ணுக்கு மேலே, கழுகு முத்திரை மிகத் தெளிவாக இருந்தது. பக்கத்திலிருந்த இத்தாலிய அரச மகுடக் குறியின் ஓரங்கள் பல ஆண்டுகளாகத் துடைத்துத் துடைத்து மழுங்கியிருந்தன. அதன் பள்ளத்துக்குள் கருமையும் பழைய எண்ணெயும் இறுகிக் கிடந்தன. கழுகின் ஓரத்திலோ, குத்தும்போது மேலெழும் இரும்பு விளிம்பு விரலால் உணரக்கூடிய அளவுக்குக் கூர்மையாக நின்றது, பள்ளத்தின் அடியில் வெளிறிய இரும்பு தெரிந்தது. சுற்றிலும் இருந்த பழைய கருநீலப் பூச்சு அந்த விளிம்பில் உடைந்து செதிலாகியிருந்தது. பூச்சு முதுமையடைந்த பிறகு முத்திரை குத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. மரத்தில் குத்தப்பட்ட முத்திரைகளுக்கும் இதே சோதனைதான்: பழைய முத்திரையில் நசுங்கிய மர இழைகள் சுற்றியுள்ள மரத்தின் நிறத்துக்கே வந்திருக்கும், அழுக்கு அடியில் படிந்திருக்கும், புதியதில் இழைகள் வெட்டுப்பட்டு வெளிறியிருக்கும், அல்லது அதை மறைக்கச் சாயம் தடவப்பட்டிருக்கும். இவ்வளவையும் தேர்ந்த கள்ளக்கைகள் அமிலத்தாலும் எண்ணெயாலும் மூடி மறைக்க முடியும் என்பதால், முத்திரையின் தோற்றம் மட்டும் சரியாக இருப்பது போதாது. அந்த ரைஃபிளின் காலமும் ஊரும் முத்திரையோடு ஒத்துப்போக வேண்டும்.

ஊர் என்ற இந்தச் சோதனைதான் இரண்டாவது வகையை எனக்கு விருப்பமானதாக்குகிறது. கார்கானோக்கள் இத்தாலியில் பல இடங்களில் செய்யப்பட்டன; போர்முனை தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த வரிசையில் அந்த இடங்கள் ஒவ்வொன்றாக நேச நாடுகளின் கைக்குப் போயின. நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தோர்ரே அனுன்சியாத்தா 1943 அக்டோபர் தொடக்கத்திலேயே ஜெர்மானியர் கையை விட்டுப் போய்விட்டது. டெர்னி 1944 ஜூன் நடுப்பகுதி வரை அவர்களிடம் இருந்தது. பிரெஷியாவும், அதற்கு வடக்கே உள்ள கார்தோனேயும், அர்மாகுவெர்ரா தொழிற்சாலை இருந்த கிரெமோனாவும் 1945 ஏப்ரல் வரை, அதாவது ஏறக்குறைய போரின் கடைசி நாள் வரை, முசோலினியின் சாலோ குடியரசின் எல்லைக்குள்ளும் உண்மையில் ஜெர்மானியரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. ஆகவே இந்த வடக்குத் தொழிற்சாலைகளின் பெயரும் 1944 என்ற ஆண்டும் குழலில் இருந்தால், அந்த ரைஃபிள் எந்தச் சூழலில் பிறந்தது என்பதைச் சொல்லக் கழுகு தேவையில்லை. 1943 என்ற ஆண்டு மட்டும் இருந்தால் சிக்கல்தான், ஏனெனில் அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் செய்தவை இத்தாலிய அரசின் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டவை. பாசிச ஆட்சியின் ஆண்டுக் கணக்கும் ரோமன் எண்ணில் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தால் அது உதவும்: அந்தக் கணக்கில் ஆண்டு அக்டோபர் இறுதியில் பிறப்பதால், இருபத்திரண்டு என்ற ரோமன் எண் 1943 அக்டோபர் இறுதிக்குப் பிந்தைய காலத்தைக் குறிக்கும்.

இந்த வகையின் குறை என்னவென்றால், இவை பார்க்க அழகாக இருப்பதில்லை. போரின் கடைசிக் கட்ட உற்பத்தியில் உலோகத்தின் மேற்பரப்பு சரியாக மெருகேற்றப்படவில்லை, கருவி ஓடிய கோடுகள் அப்படியே தெரியும், மரவேலையும் அவசரமானது. 1930களின் டெர்னி ரைஃபிள் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் இது ஏழை உறவினர் போல் நிற்கும். இருந்தாலும் அந்த அவசரமே இதன் வரலாற்றைச் சொல்வதால், மெருகேற்றிப் புதுப்பிக்கப்பட்ட ஒன்றை விட மேற்பரப்பு கரடுமுரடாக விடப்பட்டதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

மூன்றாவது வகையில் முழு மதிப்பும் சான்றில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் கைப்பற்றிய பொருள்களைக் கொண்டுசெல்வதற்கு மேலதிகாரியின் கையெழுத்துடன் கூடிய அனுமதிச் சீட்டு பெற்றார்கள். அந்தச் சீட்டில் பொருள் இன்னதென்று எழுதப்பட்டிருக்கும். தொடர் எண்ணும் அதில் எழுதப்பட்டு, அந்த எண் ரைஃபிளோடு பொருந்தினால், எந்த முத்திரையை விடவும் அது பெரிய சான்று. எண் இல்லாமல் ‘ஒரு ரைஃபிள்’ என்று மட்டும் எழுதிய சீட்டு எந்த ரைஃபிளோடும் சேர்த்து விற்கப்படலாம் என்பதால், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது. இந்த வகையில் என் கண்ணில் அடிக்கடி படும் முரண்பாடு ஒன்று உண்டு. வீரர் ஒருவர் 1945இல் தன் பையில் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் ரைஃபிளின் குழலில் ‘மேட் இத்தாலி’ என்று குத்தப்பட்டிருக்கும். அது, போருக்குப் பிறகு இத்தாலி தன் உபரி ஆயுதங்களை மொத்தமாக விற்றபோது, அமெரிக்கச் சந்தைக்கான ஏற்றுமதிக்காகக் குத்தப்பட்டது. அவ்வாறு போன ரைஃபிள்கள் பல்லாயிரம். 1963இல் கென்னடி கொலையில் பயன்பட்ட, 1940இல் டெர்னியில் செய்யப்பட்ட குட்டையான 91/38 ரைஃபிளும் தபால் வழியாக விற்கப்பட்ட அத்தகைய உபரிதான். ஏற்றுமதி முத்திரையும் வீரரின் கதையும் ஒரே ரைஃபிளில் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அதேபோல, பால்கன் பகுதியிலிருந்து வரும் கார்கானோ எதுவும் ஜெர்மானியரிடம் இருந்தது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இத்தாலி சரணடைந்த வாரங்களில் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய யூகோஸ்லாவியப் பார்ட்டிசான்களும் ஏராளமான இத்தாலிய ஆயுதங்களைத் தாங்களே கைப்பற்றினார்கள்.

நான்காவது வகையான 7.92 மில்லிமீட்டர் மாற்றங்களைப் பற்றி விற்பவர்கள் சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான்: போரின் இறுதி மாதங்களில் ஃபோல்க்ஸ்டுர்முக்காக ஜெர்மனியில் அவசரமாக மாற்றப்பட்டவை என்பார்கள், சூல் நகரின் கிரீகாஃப் நிறுவனத்தின் பெயரையும் சேர்ப்பார்கள். இவற்றில் குறைந்தது ஒரு பகுதியாவது போருக்குப் பிறகு அயல்நாடுகளுக்காக மாற்றப்பட்டது என்று வாதிடும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடிவுக்கு வரவில்லை. முடியாத விவாதம் ஒன்றில் ஒரு தரப்பை நம்பி அதிக விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்கானோவின் இயக்கமே ஆறு தோட்டாக்களைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்பை நம்பி இருப்பது. கடைசித் தோட்டா குழலுக்குள் போனதும் காலியான கிளிப் பெட்டியின் அடித்துளை வழியாகக் கீழே விழும். ஜெர்மன் தோட்டாவின் அடிவட்டம் 11.4 மில்லிமீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இருப்பதால் அது அந்தக் கிளிப்பில் அப்படியே பொருந்தாது. 6.5 மில்லிமீட்டருக்காக வடிவமைக்கப்பட்ட ஒரு குழலைக் குடைந்து, அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுடும்படி செய்த இந்த ரைஃபிள்களை யாரும் சுட்டுப் பார்க்கக் கூடாது. இவற்றைக் காட்சிப் பொருளாக மட்டும், அதுவும் சாதாரணக் கார்கானோவின் விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம்.

ஐந்தாவது வகையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இத்தாலி 1938இல் ஏற்றுக்கொண்ட 7.35 மில்லிமீட்டர் குட்டை ரைஃபிள்களில் 90,000க்கும் மேற்பட்டவை 1939-40 குளிர்காலப் போரை ஒட்டி ஃபின்லாந்துக்குப் போயின. அவற்றில் ஃபின்லாந்து ராணுவத்தின் உடைமைக் குறியாக ‘எஸ்.ஏ.’ என்ற இரண்டு எழுத்துகள் சிறு கட்டத்துக்குள் குத்தப்பட்டன. அதை நாஜிக் கட்சியின் சீருடைப் படையின் குறி என்று விற்பது அறியாமையாலோ வேண்டுமென்றோ இன்றும் நடக்கிறது. ஃபின்லாந்து ரைஃபிள் தன்னளவில் மிக நல்ல சேகரிப்புப் பொருள், நிலையும் பொதுவாக நன்றாக இருக்கும். அதன் உண்மையான பெயரிலும் உண்மையான விலையிலும் அதை வாங்க நான் தயங்க மாட்டேன்.

இனி மாதிரிகளுக்கு வருவோம். முதல் உலகப் போர்க்காலத்திலிருந்து வரும் 1891 நீண்ட ரைஃபிள் 1285 மில்லிமீட்டர் நீளமானது, எங்கும் கிடைப்பது, பொய் முத்திரைகளை அதிகம் சுமப்பதும் அதுவே. 7.35 மில்லிமீட்டர் குட்டை ரைஃபிள் 1021 மில்லிமீட்டர் நீளம் கொண்டது, 300 மீட்டருக்கு நிலையாக வைக்கப்பட்ட பின்குறியை, அதாவது இலக்குப் பார்க்கும் பின்பக்க அமைப்பை, உடையது. போர் தொடங்கியதும் புதிய தோட்டாவைப் போதிய அளவில் செய்ய முடியாமல் இத்தாலி மீண்டும் 6.5க்கே திரும்பியதால், இதன் உற்பத்திக் காலம் மிகக் குறுகியது. அதன் பின் வந்த 6.5 மில்லிமீட்டர் குட்டை ரைஃபிளில் நிலையான பின்குறி 200 மீட்டருக்கு. டெர்னியிலும் கிரெமோனாவிலும் செய்யப்பட்ட 1941 மாதிரி, 1171 மில்லிமீட்டர் நீளத்தோடு, மாற்றி வைக்கக்கூடிய பின்குறியைத் திரும்பப் பெற்றது. என்னிடம் ஓர் இடம்தான் இருக்கிறது என்றால், போரின் பிற்பகுதிக்கே உரியதும் பழைய கிடங்குகளிலிருந்து வந்திருக்க முடியாததுமான கிரெமோனாவின் 1941 மாதிரியைத்தான் தேடுவேன். அது கிடைக்காவிட்டால் 1944 ஆண்டிட்ட வடக்குத் தொழிற்சாலைக் கார்பைன் (குட்டைக் குழல் ரைஃபிள்) ஒன்றை. சுடுவதற்கும் வேண்டும் என்பவர், 6.5 கார்கானோவின் குண்டு விட்டம் பிற 6.5 தோட்டாக்களின் 6.7 மில்லிமீட்டரை விடக் கூடுதலாக, 6.8 மில்லிமீட்டர் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குறைந்த விட்டமுள்ள குண்டைப் போட்டுச் சுட்டுவிட்டு ரைஃபிளைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

எந்த நாட்டில் வசிக்கிறோம் என்பதும் தெரிவைக் கட்டுப்படுத்தும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் பெற்ற ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதால், இத்தகைய சேகரிப்புக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஏப்ரலிலிருந்து செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளுக்குப் பொது விதி வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் காட்சிக்கு வைக்க விரும்புபவர் இந்த விதிப்படி செயலிழக்கச் செய்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டம் தடுக்கிறது. ஆராய்ச்சிக்கும் வரலாற்றுக் கல்விக்கும் விலக்கு இருந்தாலும், படங்களில் அந்தச் சின்னத்தை மறைத்துக் காட்டும் விற்பனையாளர்களே அங்கு அதிகம். மறைக்கப்பட்ட முத்திரையைப் படத்திலிருந்து சோதிக்க முடியாது, நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

தொலைவிலிருந்து வாங்குபவர் பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய படங்களில் முதன்மையானது, மரக்கட்டையிலிருந்து கழற்றிய குழலின் அடிப்பக்கம். தொழிற்சாலைக் குறிகளும் பழுதுபார்ப்புத் தடங்களும், பிற்காலத்தில் அரைத்து அழிக்கப்பட்ட ஏற்றுமதி எழுத்துகளின் மிச்சமும் மரத்துக்குள் மறைந்திருக்கும் இடங்களில்தான் பிழைத்திருக்கும். அடுத்து, குழலின் மேற்பகுதியில் எல்லாக் குறிகளும் ஒரே சட்டத்தில் வரும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம். முத்திரையை மட்டும் நெருக்கமாகக் காட்டும் படம் எதையும் நிரூபிக்காது, அருகிலுள்ள பழைய குறியோடு ஒப்பிட்டால்தான் வயது தெரியும். மரக்கட்டையில் உள்ள எண்ணும் குழலின் எண்ணும் ஒன்றா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒரு ரைஃபிளைக் கழற்றிப் படம் எடுக்கத் திருகாணி முடுக்கி ஒன்றும் சில நிமிடங்களும் போதும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம், அவர் சொல்லும் கதை எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், முத்திரையில்லாத சாதாரணக் கார்கானோவுக்குரிய விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.